பெயர் எந்தப் பட்டியலில்? ஏலமலை முதல் சிங்கப்பூர் வரை

தேவாரம் ஊரின் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மலைதான். அதன் விளிம்பு வரை தேனி மாவட்டம். விளிம்பைத் தாண்டிவிட்டால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம், உடும்பன்சோலை, ஏலத்தோட்டங்கள். சாக்குலூத்து மெட்டு வழியாக நடைபாதை உண்டு, சாலை கிடையாது. சாலை கேட்டு இந்தப் பக்கத்து மக்கள் காலங்காலமாக மனுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் வடக்கே போடிக்குப் போய் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகின்றன. இல்லையென்றால் தெற்கே கம்பம் போய்க் கம்பம்மெட்டு ஏறுகின்றன. விடியுமுன் கிளம்பும் வண்டியில் அளவுக்கு மீறித்தான் ஆள் இருக்கும். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள்.

மேலே காத்திருப்பது காய் எடுப்பு. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. குனிந்தோ குத்தவைத்தோ தூர் தூராக நகர வேண்டும். முற்றிய காயை மட்டும் கிள்ளி, மற்றதை அடுத்த எடுப்புக்கு விட வேண்டும். மாலையில் எடை போட்டபின் பச்சைக்காய் ஸ்டோருக்குப் போகும். அங்கே இரவெல்லாம் உலர்ந்து, ஏறக்குறைய ஐந்து கிலோ ஒரு கிலோவாகச் சுண்டும். பிறகு போடியிலோ புற்றடியிலோ நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விலை போகும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய் இது. நிலம் கேரளத்தில், கூலியாள் தமிழ்நாட்டில், வியாபாரி இரண்டு பக்கமும். எல்லைக்கோடு இந்தத் தொழிலின் குறுக்கே ஓடுகிறது. தொழில் அதைப் பொருட்படுத்துவதில்லை.

அன்றாட வாழ்க்கையும் அப்படித்தான் கலந்து கிடக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் காய்கறியும் திராட்சையும் மேலே போகின்றன. ஓணம் வந்தால் தேனி மாவட்டத்துப் பூவுக்கு விலை ஏறுகிறது. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரி தடை செய்யப்பட்ட பிறகு, குமுளியிலும் மெட்டுகளிலும் உள்ள சீட்டுக் கடைகளில் தமிழ்ப் பலகைகள் தொங்குகின்றன. தைப்பொங்கலுக்கு இடுக்கி உட்பட ஆறு மாவட்டங்களுக்குக் கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது. பூப்பாறையிலோ சாந்தன்பாறையிலோ டீக்கடையில் உட்கார்ந்தால் ஒரே பேச்சில் இரண்டு மொழியும் வந்து போகும். யாரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

இப்படிக் கலந்து வாழும் இடங்களில் ஒருவர் யார் என்பதைக் கடைசியில் எது முடிவு செய்கிறது? மொழியா, மதமா, பிறந்த மண்ணா? இந்தக் கேள்விக்கு ஏலமலை ஒரு நல்ல சோதனைச்சாலை. கங்காணி முறையில் தமிழ் மாவட்டங்களிலிருந்து தோட்ட வேலைக்குக் கிளம்பியவர்கள் 19-ம் நூற்றாண்டிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பல திசைகளில் போனார்கள். சிலர் திருவிதாங்கூர் மலைக்கு ஏறினார்கள், சிலர் இலங்கைக்குக் கடல் கடந்தார்கள், சிலர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறினார்கள். மொழி ஒன்று, சாமி ஒன்று, பெரும்பாலும் வறுமையும் ஒன்று. நூறு நூற்றைம்பது ஆண்டுகளில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நான்கு விதமான மனிதர்களாகிவிட்டார்கள். அந்த வேறுபாட்டுக்கு மொழிப்பற்றைவிட, அரசாங்கங்கள் போட்ட பட்டியல்கள்தான் பெரிய காரணம் என்று காட்டச் சான்று நிறைய இருக்கிறது. வாக்காளர் பட்டியல், குடியுரிமைப் பதிவு, வீட்டு மனைப் பட்டா, சாதிச் சான்றிதழ் என்று அந்தப் பட்டியல்களுக்குப் பெயர்தான் வேறு வேறு.

கோடு விழுந்த கதை

1877-ல் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்குப் பெற்ற காலத்தில், மூணாறுக்கு இயல்பான வாசல் கிழக்கில்தான் இருந்தது. பின்னாளில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிக்கு வந்தன. கூலியாட்கள் அதே திசையிலிருந்து ஏறினார்கள். தேவிகுளம் வட்டத்தில் தமிழர் பெரும்பான்மையானது இப்படித்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு மொழிவழி மாநிலம் என்ற பேச்சு எழுந்தபோது, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தெற்கே கன்னியாகுமரிப் பகுதியோடு தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் சேர்த்துக் கேட்டது. மார்ஷல் நேசமணி முன்நின்றார். 1954-ல் மலையில் தடையை மீறிய தலைவர்கள் கைதானார்கள். அதைக் கண்டித்து ஆகஸ்ட் 11 அன்று தெற்கே நடந்த போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் பலர் உயிரிழந்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு. சொந்தக் கட்சியின் பொதுச்செயலாளரான ராம் மனோகர் லோகியாவே அந்த அரசு பதவி விலக வேண்டும் என்றார். அது கட்சியையே பிளந்தது.

மாநில எல்லைகளை வகுக்க அமைத்த ஃபசல் அலி ஆணையத்தின் 1955 அறிக்கை, தெற்கே நான்கு வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குத் தரச் சொன்னது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கே என்றது. மலையில் தமிழர் எண்ணிக்கை இருந்தாலும் அவர்களில் பலர் வந்துபோகும் கூலியாட்கள் என்பது ஒரு வாதம். மலையின் வளம் கேரளத்துக்கு இன்றியமையாதது என்பது இன்னொரு வாதம். ஆணைய உறுப்பினர் மூவரில் கே.எம். பணிக்கர் மலையாளி என்ற மனத்தாங்கல் தமிழகத்தில் இன்றும் பேசப்படுகிறது. அதே ஆண்டுகளில் மலையாளிக் குடியேற்றத்துக்கு மலையில் நிலம் ஒதுக்கப்பட்டது. கல்லாறு அருகே பட்டம் காலனி என்ற பெயரே முதல்வரின் நினைவாக நிற்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குடியேறிய உழவருக்கு அரசு நிலம் கொடுத்துப் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது. தோட்டத் தமிழர் கம்பெனி கொடுத்த லயத்தில், அதாவது வரிசை வீட்டில், இருந்தார். அவருக்கு நிலமும் இல்லை, பட்டாவும் இல்லை. இரண்டு பேரும் மலைக்கு வெளியூர்க்காரர்கள்தான். ஒருவர் ஊர்க்காரர் ஆனார். மற்றவர் மூன்று தலைமுறை கழிந்தும் 'வந்துபோகிறவர்' கணக்கிலேயே இருந்தார்.

லயமும் சான்றிதழும்

1956 நவம்பர் 1 முதல் மூணாறு, உடும்பன்சோலைத் தமிழர் கேரளத்தின் மொழிச் சிறுபான்மையினர். சட்டப்படி அவர்களுக்குக் குறை அதிகம் இல்லை. 1969-ன் ஆட்சிமொழிச் சட்டம், தமிழரும் கன்னடரும் அரசோடு தங்கள் மொழியில் கடிதம் எழுத வழி செய்கிறது. தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. வாக்குரிமை முதல் தேர்தலிலிருந்தே உண்டு. தேவிகுளம் தொகுதியில் தமிழர் ஜெயித்துச் சட்டமன்றம் போகிறார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் அ. ராஜா 2021-ல் அங்கே தமிழில் பதவியேற்றார். உறுதிமொழி வாசகத்தில் விடுபாடு இருந்ததால் இன்னொரு முறையும் ஏற்க வேண்டியதாயிற்று.

அவருடைய வழக்கு இந்தக் கட்டுரையின் கேள்விக்கு நேரடிச் சான்று. தேவிகுளம் தனித்தொகுதி. பட்டியல் சாதி என்பது இந்தியாவில் மாநிலவாரிப் பட்டியல். 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணை வந்த நாளில் குடும்பம் எந்த மாநிலத்தில் இருந்தது என்று பார்ப்பார்கள். ராஜாவின் தாத்தா பாட்டி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குண்டளைத் தோட்டத்துக்கு வந்தவர்கள். அவர்கள் எந்த ஆண்டில் வந்தார்கள், குடும்பம் கிறிஸ்தவத்துக்கு மாறியதா என்ற கேள்விகள் நீதிமன்றத்தில் எழுந்தன. சர்ச் பதிவேடுகள் சாட்சிக்கு வந்தன. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவர் தேர்வு செல்லாது என்றது. 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து அவரை உறுப்பினராகத் தொடர விட்டது. ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கே இந்தப் பாடு. சாதிச் சான்றிதழ் வாங்கப் போகும் சாதாரணத் தோட்டத் தொழிலாளியின் பிள்ளையிடமும் 1950-க்கு முன்பு இங்கே இருந்ததற்கான ஆதாரத்தைத்தான் கேட்கிறார்கள். அந்தக் காலத்துக் கூலியாளின் பெயர் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கக்கூடிய இடங்கள் கம்பெனியின் செக்ரோல் என்ற ஆள் பதிவேடும் சர்ச் பதிவேடும்தான்.

வீட்டுக் கதை இன்னும் கடினமானது. லயம் வேலையோடு வரும். வேலை போனால் போகும். ஓய்வு பெற்றவர் வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்தில் பெயர் பதிந்தால்தான் அங்கே தொடர்ந்து இருக்கலாம். 2015 செப்டம்பரில் மூணாற்றில் ஒன்பது நாள் நடந்த 'பெம்பிளை ஒருமை' போராட்டம் போனஸுக்காக எழுந்தது. 10 சதவீதமாகக் குறைத்த போனஸை 20 சதவீதமாக்கக் கேட்டுச் சாலையை மறித்த ஆயிரக்கணக்கான பெண்கள், தமக்காகப் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களைக்கூட விரட்டினார்கள். போனஸும் கருணைத்தொகையும் சேர்த்துக் கேட்ட 20 சதவீதம் வந்தது. 232 ரூபாயாக இருந்த நாள்கூலி பிறகு 301 ஆனது. கொழுந்து எடுக்கும் அந்தப் பெண்களில் பெரும்பாலோர் தமிழ் தலித்துகள். அவர்கள் கோரிக்கையில் மொழி வரவில்லை. கூலி, வீடு, மருத்துவம் ஆகியவைதான் வந்தன.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் போனார்கள். பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பக்கம். தலைமுறைகளுக்குப் பிறகும் கயத்தாற்றில் துக்கம் விசாரிக்கச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் பெட்டிமுடியில் அவர்கள் இருந்த வீடு சொந்த வீடு கிடையாது.

இதைக் கேரளம் தமிழருக்குச் செய்யும் ஓரவஞ்சனை என்று முடித்துவிடலாமா? மாஞ்சோலையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகையில் எடுத்த அந்தத் தோட்டத்தை, குத்தகை முடியும் 2028-க்கு முன்பே மூட முடிவெடுத்த கம்பெனி, 2024 ஜூனில் தொழிலாளரை விருப்ப ஓய்வில் அனுப்பி வீட்டைக் காலி செய்யச் சொன்னது. அது திருநெல்வேலி மாவட்டம். தொழிலாளரில் பெரும்பாலோர் தமிழர். ஆட்சியும் தமிழில் நடக்கிறது. அங்கும் நான்காம் தலைமுறைக்குச் சொந்த மனை இல்லை. தோட்டம் என்கிற அமைப்பே ஆளை வைத்துக்கொண்டு ஊரை மறுக்கும் அமைப்பு. அதன்மேல் மாநிலமோ நாடோ என்ன எழுதுகிறது என்பதில்தான் வித்தியாசம் வருகிறது.

2011 டிசம்பர்

கலந்து வாழ்ந்தவர்கள் ஒரே வாரத்தில் இரண்டாகப் பிரிய முடியும் என்பதை கேரளத்தில் நின்று தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணை காட்டியது. 1886-ல் 999 ஆண்டுக்குப் போட்ட ஒப்பந்தம். 1895-ல் பென்னிகுயிக் முடித்த அணை. 142 அடியா 136 அடியா என்ற வழக்கு. இவை கம்பம் பள்ளத்தாக்கில் டீக்கடைக்குப் பத்திரிகை வாங்கிப் போடுகிறவருக்குக்கூட மனப்பாடம். 2011 டிசம்பரில் அணை உடையும் என்ற அச்சம் மேலேயும், தண்ணீர் போய்விடும் என்ற ஆத்திரம் கீழேயும் ஒரே நேரத்தில் கொதித்தன. குமுளி நோக்கி ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். கீழே மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. மேலே தமிழ்த் தோட்டத் தொழிலாளர் மிரட்டப்பட்டார்கள். உடும்பன்சோலைப் பக்கம் குடும்பம் குடும்பமாகக் கிளம்பியவர்கள், வண்டி ஓடாததால் காட்டுப் பாதையில் நடந்தே தேனி மாவட்ட ஊர்களுக்கு இறங்கினார்கள்.

அதன் பிறகு நடந்ததும் முக்கியம். கலவரம் அடங்கிச் சில வாரத்தில் ஜீப்புகள் மறுபடி மலை ஏறின. ஏறுவதற்கு விசா தேவைப்படவில்லை. திரும்ப வேலைக்குச் சேர யாரிடமும் குடியுரிமைச் சான்று காட்ட வேண்டியிருக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே நாட்டுக் குடிமக்கள் என்ற ஒரு வரி, காயத்தை ஆற்றாவிட்டாலும் கதவைத் திறந்து வைத்தது. அந்த ஒரு வரி இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு இலங்கை இருக்கிறது.

இலங்கை: எடுக்கப்பட்ட வாக்கு

1820-களில் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைக்கும் போன தமிழர் தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். 1931-ல் இலங்கையில் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தபோது தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரும் வாக்களித்தார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. வேறு பல தொகுதிகளில் அவர்கள் வாக்கு இடதுசாரிகளுக்குப் பலம் சேர்த்தது. ஆளும் தரப்பு பயந்தது இதற்குத்தான். 1948-ன் 18-ம் எண் குடியுரிமைச் சட்டமும் தொடர்ந்து வந்த சட்டங்களும் சுமார் ஏழு லட்சம் பேரை நாடற்றவராக்கின. 1952 தேர்தலில் இந்தத் தோட்டத் தமிழர் வாழ்ந்த மலையகத்துக்கு வாக்கு இல்லை.

மொழி ஒற்றுமை அங்கே காப்பாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வடக்கின் தமிழ்க் காங்கிரஸ் அந்த அரசில் அமைச்சர் பதவி ஏற்றது. அதை ஏற்காத செல்வநாயகம் 1949-ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தாரின் வாயில் மலையகத்தார் நீண்ட காலம் 'தோட்டக்காட்டான்'தான்.

1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். 1974-ல் அந்த மீதியைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் வந்த கப்பலில் தேயிலை பறிக்கத் தெரிந்த ஆயிரமாயிரம் குடும்பங்கள் ஏறின. இங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரர்'. நீலகிரியில் தமிழக அரசின் டான்டீ தோட்டங்கள் இவர்களுக்காகவே விரிந்தன. கேரளம் புனலூர் பக்கம் ரப்பர்த் தோட்டங்களிலும், பெரியாறு காட்டை ஒட்டிய கவியில் வனவளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டத்திலும் சில நூறு குடும்பங்களைக் குடியமர்த்தியது. ஏலமலைத் தொடரிலேயே இருக்கும் அந்தக் கவியில், ஒப்பந்தத்தால் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டுகிறார்கள்.

அங்கேயே தங்கியவர்களுக்கு 1986, 1988 சட்டங்கள் ஓரளவும், 2003-ன் சட்டம் முழுமையாகவும் குடியுரிமை தந்தன. 55 ஆண்டு ஆயிற்று. செளமியமூர்த்தி தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தொழிற்சங்கமாகவும் அரசியல் கட்சியாகவும் ஒரே நேரத்தில் இயங்கி, அரசுகளோடு பேரம் பேசியே இதைச் சாதித்தது. ஆயினும் ஒரு சின்ன விஷயம் நிலைமையைச் சொல்லிவிடும். பல தோட்டங்களில் லயன் வீட்டுக்குத் தனி முகவரி இல்லை. தபால் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. நேர்முகத் தேர்வு முடிந்தபின் கடிதம் வந்து சேர்ந்த கதை மலையகத்தில் வீட்டுக்கு வீடு கேட்கக் கிடைக்கும். இப்போது நடக்கும் போராட்டமெல்லாம் ஏழு பேர்ச் காணிக்கும் அதில் சொந்த வீட்டுக்கும்தான். இந்திய உதவி வீட்டுத் திட்டங்களும் அதற்கே. 2012 கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்' சுமார் 8.4 லட்சம். வெறுமனே 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொண்ட மலையகத்தார் அதில் சேரவில்லை. 'மலையகத் தமிழர்' என்ற பெயரே சரி என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். 2023-ல் வருகையின் 200-ம் ஆண்டை ஒட்டி மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நடைபயணம் அந்தப் பெயரோடுதான் போனது.

மலேசியா: பங்கு போட்ட நாடு

மலாயா வேறு வழி எடுத்தது. 1957-ல் சுதந்திரம் வந்தபோது மலாய், சீன, இந்தியக் கட்சிகள் ஒரு பேரத்துக்கு வந்தன. மலாய்க்காரரின் தனிநிலையை அரசியல் சட்டத்தின் 153-ம் பிரிவு காக்கும். மற்றவருக்குக் குடியுரிமை உண்டு. தோட்டத் தமிழர் நாடற்றவராகவில்லை. பதியத் தவறியவர்களுக்கு மட்டும் அடி பின்னால் விழுந்தது. 1969-க்குப் பிறகு குடிமக்கள் அல்லாதவர் வேலை அனுமதி பெற வேண்டும் என்று ஆனபோது சுமார் 60,000 இந்தியர் ஊர் திரும்பினார்கள். பிறந்தது முதல் அங்கேயே வாழ்ந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்தவர்களின் பிரச்சினை இந்த நூற்றாண்டிலும் தேர்தல் வாக்குறுதியாக வந்துகொண்டிருந்தது.

பள்ளி அங்கே தமிழரின் பெரிய சொத்து. 1923-ன் தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளிகள் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அப்படி ரப்பர் மரங்களுக்கு நடுவே தொடங்கிய பள்ளிகளின் தொடர்ச்சியாக இன்று 500-க்கு மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் அரசுக் கல்வி முறைக்குள் இருக்கின்றன. பிள்ளை தமிழில் தொடங்கி, இடைநிலையில் மலாய்க்கு மாறுகிறது. மாமாக் கடையில் ரொட்டி சானாய்க்குச் சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஒரே மேசையில் காத்திருப்பார்கள். ஆனால் கட்சி, சங்கம், உதவித்தொகை எல்லாம் இனவாரி. 1969 மே 13 கலவரத்துக்குப் பின் 1971-ல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை மலாய்க்காரரைத் தூக்கிவிட்டது. சீனர் சொந்த முதலில் நின்றார்கள். தோட்டத் தமிழரின் கையில் எதுவும் இல்லை.

இந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டவர் மலேசிய இந்தியக் காங்கிரஸ் தலைவர் வீ.தி. சம்பந்தன். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, தொழிலாளரின் மாதச் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்க 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். லயத்துக்கு வெளியே நிலம் என்ற யோசனை மூணாற்றிலோ மாஞ்சோலையிலோ அந்த அளவில் முயலப்படவில்லை. ஆயினும் சங்கம் வாங்கியது கொஞ்சம். மேம்பாட்டாளர்கள் வாங்கியது அதிகம். 1980, 90-களில் தோட்டம் வீட்டுமனையும் விமான நிலையமுமாக மாறியபோது வெளியேறியவர்கள் நகர ஓரத்துப் புறம்போக்குகளில் ஒதுங்கினார்கள். அங்கே கோயில்கள் இடிபட்டபோது குமுறியது 2007 நவம்பர் 25-ல் வெடித்தது. கோலாலம்பூரில் ஹிண்ட்ராஃப் என்ற இந்து உரிமை இயக்கத்தின் அழைப்பில் பல்லாயிரம் பேர் திரண்டு கண்ணீர்ப் புகையையும் தண்ணீர்ப் பீரங்கியையும் எதிர்கொண்டார்கள். தலைவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டார்கள். 2008 மார்ச் தேர்தலில் ஆளும் கூட்டணி 1969-க்குப் பிறகு முதல்முறையாக மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. மக்கள்தொகையில் ஏழு சதவீதத்தை ஒட்டிய ஒரு சமூகத்தால் இவ்வளவு முடிந்ததற்குக் காரணம் அவர்கள் கையில் வாக்குச்சீட்டு இருந்தது. 1952-ன் மலையகத்தாரிடம் அது இல்லை.

சிங்கப்பூர்: பலகையில் இருக்கும் மொழி

1965 ஆகஸ்ட் 9-ல் மலேசியாவிலிருந்து பிரிந்த சிங்கப்பூர் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழையும் வைத்தது. கோ. சாரங்கபாணி 1935-ல் தொடங்கிய தமிழ் முரசு இன்னும் நாளிதழாக வருகிறது. அடையாள அட்டையிலேயே இனம் எழுதப்பட்ட நாடு அது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நான்கு கட்டம். 1989 முதல் அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன ஒதுக்கீடு உண்டு. இந்தியரும் மற்றவரும் ஒரு பேட்டையில் 12 சதவீதத்துக்கும், ஒரு கட்டடத்தில் 15 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது. இனவாரிச் சேரி உருவாகாமல் இருக்க இது உதவியது என்று அரசு சொல்கிறது. சீனர் ஒதுக்கீடு நிரம்பிய கட்டடத்தில் வீட்டை விற்க நினைக்கும் இந்தியர், சீனருக்கு விற்க முடியாமல் விலை குறைத்துக் கொடுக்க நேர்வதும் உண்டு. சிறுபான்மையினர் எழுப்பும் குறை இதுதான். இருந்தாலும் வீடு அவர்கள் பெயரில் இருக்கிறது. லயத்திலிருந்து அது வெகுதூரம்.

மொழிக்கு அங்கே அரசு பெரிய இடம் கொடுத்திருக்கிறது. வீட்டில்தான் அது சுருங்குகிறது. 2020 கணக்கெடுப்பில் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் 48.3 சதவீதம், பத்தாண்டுக்கு முன் 32.3. தமிழ் பேசுவோர் 2.5 சதவீதம். பூப்பாறைத் தோட்டத்தில் எந்தப் பலகையும் இல்லாமல் தமிழ் பிழைத்துக் கிடக்கிறது; சிங்கப்பூரில் ரயில் நிலையப் பலகை இருந்தும் பேரப்பிள்ளையிடம் தாத்தா ஆங்கிலத்துக்கு மாறுகிறார். மேலே போக வழி இருக்கும் இடத்தில் மொழி மாறுவதும், வழி அடைபட்ட இடத்தில் மொழி நிலைப்பதும் சமூகவியலாளர்கள் பல நாடுகளில் கண்டதுதான்.

அதே சிங்கப்பூரில் இன்னொரு தமிழரும் இருக்கிறார். 2013 டிசம்பர் 8 ஞாயிறு இரவு லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் சிக்கி இறந்ததும் கலவரம் மூண்டது. நாற்பது ஆண்டுக்கு மேலாகக் கலவரம் காணாத நகரம் அது. பிறகு 50-க்கு மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டார்கள். அந்தத் தெருவில் குடிமகனான தமிழரும் வேலை அனுமதிச் சீட்டில் வந்த தமிழரும் அதே கடையில்தான் இட்லி தின்கிறார்கள். ஒருவருக்கு வீடு, வாக்கு, குடும்பம் எல்லாம் அங்கே. மற்றவருக்குத் தங்குவிடுதியில் ஒரு கட்டில்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

பண்பாட்டுக் கலப்பு இருந்தால் அமைதி தானாக வரும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். நான்கு இடங்களிலும் கலப்புக்குக் குறைவில்லை. ஹட்டனில் சிங்களம் பேசாத தமிழ்க் கடைக்காரர் அரிது; கோலாலம்பூரை ஒட்டிய பத்துமலையில் தைப்பூசத்துக்குச் சீனரும் காவடி எடுப்பார்கள். அந்தக் கலப்பு 1948-ன் சட்டத்தையோ 1969-ன் கலவரத்தையோ தடுக்கவில்லை. மொழி உரிமை கிடைத்தால் போதும் என்போருக்குச் சிங்கப்பூரும் மாஞ்சோலையும் இரண்டு திசையிலிருந்து பதில் சொல்கின்றன.

வாக்கு இருந்த இடத்தில் மற்றவை மெதுவாகவாவது வந்தன. வாக்கும் நிலமும் சேர்ந்து கிடைத்தவர்கள் ஊர்க்காரர் ஆனார்கள். உடும்பன்சோலையில் பட்டா பெற்ற மலையாளி உழவரும், சிங்கப்பூரில் வீடு வாங்கிய தமிழரும் அதற்குச் சாட்சி. வாக்கு மட்டும் கிடைத்து நிலம் கிடைக்காதவர்கள் மூணாற்றிலும் மலேசியத் தோட்டங்களிலும் சாலைக்கு வந்தார்கள். இரண்டும் போனவர்கள் கப்பல் ஏற்றப்பட்டார்கள். இது எல்லாவற்றுக்கும் பொருந்தும் சூத்திரம் என்று சொல்ல முடியாது. இலங்கையின் வடகிழக்கில் வாக்கும் நிலமும் இருந்த தமிழருக்கே போர் வந்தது. அந்தக் கதைக்கு வேறு விளக்கம் வேண்டும். தோட்டத் தமிழரின் வரலாற்றுக்கு இது பொருந்துகிறது.

ஏலமலையில் இப்போது புதியவர்கள் ஏறியிருக்கிறார்கள். தேனிப் பெண்கள் நூறு நாள் வேலைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் திரும்பியதில், காய் எடுக்க ஜார்க்கண்ட், அசாம், மத்தியப் பிரதேசத்துக் குடும்பங்கள் வருகின்றன. தோட்டத்து முதலாளி மலையாளி, மேஸ்திரி தமிழர், கூலி இந்தி பேசுகிறவர் என்று மூன்று அடுக்கு ஆகிவிட்டது. ஒரு காலத்தில் தமிழருக்குக் கிடைத்த 'வந்துபோகிறவர்' பட்டம் அவர்களுக்கு மாறியிருக்கிறது. நாடு முழுதும் ஒரே ரேஷன் திட்டம் அரிசிக்கு வழி செய்திருக்கிறது. வாக்குக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் அப்படியொரு ஏற்பாடு இன்னும் சரியாக அமையவில்லை.

தமிழருக்கு இங்கே தலைகீழான ஒரு சிக்கலும் உண்டு: இரட்டை வாக்கு. மேலே லயத்து முகவரியில் ஒரு வாக்கு, கீழே பூர்வீக வீட்டில் ஒரு வாக்கு. 2021 ஏப்ரல் 6-ல் இரண்டு மாநிலங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடந்தபோது, ஜீப்பில் ஆள் மாறிப் போகிறார்கள் என்று மெட்டுகளில் வண்டிகளை மறித்தார்கள். 2024-ல் ஒரு வார இடைவெளியில் தேர்தல் வந்ததும் அதே புகார் எழுந்தது. சட்டப்படி குற்றம்தான். ஆனால் ஆறு மாதம் மேலே, ஆறு மாதம் கீழே வாழும் குடும்பத்துக்கு எந்த ஊர் சொந்த ஊர் என்பதற்கு உள்ளபடியே இரண்டு பதில் உண்டு.

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் ஒரே நாளில் தொடங்கியது. இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ இருந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. ஓர் இடத்தில் மட்டும்தான் படிவம் கொடுக்க முடிந்தது. நவம்பர் காய் எடுப்பு மும்முரமான மாதம். படிவம் வாங்க அலுவலர் வீட்டுக்கு வந்த நேரத்தில் ஆள் தோட்டத்தில் இருந்தார். கீழே இறங்கி வந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. இரண்டு பக்கமும் சேர்ந்து பேச முடியாது என்பதில்லை: எல்லை மலையில் இருக்கும் கண்ணகி கோயிலின் சித்ரா பௌர்ணமிக்காகத் தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் ஆண்டுதோறும் சேர்ந்து உட்கார்ந்து, எத்தனை ஜீப், எத்தனை தண்ணீர்த் தொட்டி, யார் பந்தோபஸ்து என்பது வரை பேசி முடிக்கிறார்கள். மலை ஏறும் தொழிலாளரின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், சாதிச் சான்றிதழுக்கு எந்தப் பதிவேட்டை ஏற்கலாம், ஓய்வு பெற்றவருக்கு மனை எங்கே என்பவற்றையும் அதே மேசையில் வைத்தால், ஒரு நாள் கூட்டத்தில் பாதியாவது முடியும்.